குழந்தைக்கு எந்தப் பேஸ்ட்? ஃப்ளூரைடு உள்ளதா, இல்லாததா?

மருந்துக்கடையில் குழந்தைகளுக்கான பற்பசை இருக்கும் அடுக்கின் முன்னால் நின்றால் குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடும். ஒரு டியூபில் ஸ்ட்ராபெரி படம் போட்டு, ‘ஃப்ளூரைடு இல்லாதது, விழுங்கினாலும் பயமில்லை’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். பக்கத்து டியூபில் ‘ஃப்ளூரைடு உள்ளது, சொத்தையைத் தடுக்கும்’ என்றிருக்கும். அதைத் திருப்பிப் பார்த்தால் ‘சின்னக் குழந்தைகள் பெரியவர்கள் மேற்பார்வையில் பயன்படுத்தவும், விழுங்கக் கூடாது’ என்று பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை. இரண்டு வயதுக் குழந்தை எப்படியும் கொஞ்சம் விழுங்கத்தான் செய்யும். அதனால் எச்சரிக்கை இல்லாத டியூபை நோக்கித்தான் பெற்றோரின் கை போகும்.

அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் அதிலிருந்து எடுக்கும் முடிவு பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தாது. குழந்தையின் பல்லுக்கு ஃப்ளூரைடு என்ற தாது வேண்டும், மிகக் கொஞ்சமாக வேண்டும். எந்த டியூப் என்பதைவிட பிரஷ்ஷில் எவ்வளவு வைக்கிறோம், யார் வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். ஏன் அப்படி என்று முதலிலிருந்து பார்ப்போம்.

பல்லின் வெளிப்புறம் எனாமல். உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் தாது. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட் என்ற படிகம் அது. இவ்வளவு கடினமான பொருளுக்கு ஒரு பலவீனம் உண்டு: அமிலம் பட்டால் கரையும்.

வாய்க்குள் எப்போதும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. பல்லின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு, நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. ஒரு பிஸ்கட் சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே அந்தப் படலத்தின் பிஹெச் அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண், அது குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கிவிடும். அந்தக் கோட்டைத் தாண்டியதும் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் வெளியேறத் தொடங்கும். அப்புறம் எச்சில் வேலையைத் தொடங்குகிறது. அமிலத்தைத் தணித்து, தன்னிடம் உள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திரும்பப் பல்லில் படிய வைக்கிறது. பழைய நிலைக்கு வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம்.

இந்தக் கரைவதும் படிவதும் ஒவ்வொரு நாளும் பல தடவை நடக்கிறது. கரைவது அதிகமாகிக்கொண்டே போனால் அதுதான் சொத்தை. அதனால்தான் ஒரே நேரத்தில் இரண்டு லட்டு தின்னும் குழந்தையைவிட, ஒரு லட்டை நாள் முழுக்கக் கொறிக்கும் குழந்தைக்குச் சொத்தை வரும் வாய்ப்பு அதிகம். கொறிக்கிற பிள்ளையின் பல்லுக்கு ஆறுவதற்கே நேரம் கிடைப்பதில்லை.

ஃப்ளூரைடு இந்த இடத்தில்தான் உதவிக்கு வருகிறது. எச்சிலிலும் பல்லின் மேலும் கொஞ்சம் ஃப்ளூரைடு இருந்தால், தாது திரும்பப் படிவது வேகமாகிறது. படியும்போது ஃப்ளூரைடும் சேர்ந்து படிகிறது. அப்படி உருவாகும் படிகம் பழையதைவிட உறுதியானது. பிஹெச் 4.5 அளவுக்கு இறங்கினால்தான் அது கரையும். பாக்டீரியாக்கள் அமிலம் உண்டாக்கும் வேகத்தையும் ஃப்ளூரைடு ஓரளவு மட்டுப்படுத்துகிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃப்ளூரைடு வயிற்றுக்குள் போய் ரத்தத்தின் வழியாகப் பல்லை வலுப்படுத்துகிறது என்றுதான் முன்பு நினைத்தார்கள். பெரும்பாலான பலன் பல்லின் மேற்பரப்பில் நேரடியாகப் படுவதால்தான் கிடைக்கிறது என்பது இப்போது தெளிவாகிவிட்டது. ஆகவே விழுங்குவதால் லாபம் இல்லை. தினமும், கொஞ்சமாக, பல்லின் மேல் கொஞ்ச நேரம் தங்கினால் போதும். குழந்தைகளின் பேஸ்ட் பற்றிய எல்லா அறிவுரையும் இந்த ஒரு உண்மையிலிருந்துதான் வருகிறது.

ஃப்ளூரைடு இல்லாத பேஸ்ட் என்ன செய்யும்?

பிரஷ்ஷால் தேய்க்கும்போது பல்லின் மேல் படிந்த படலம் போகும், ஈறு ஆரோக்கியமாக இருக்கும், வாய் மணக்கும், பிள்ளைக்குப் பல் தேய்க்கும் பழக்கம் வரும். இதெல்லாம் எந்தப் பேஸ்ட்டாலும் கிடைக்கும். பேஸ்ட்டே இல்லாமல் தண்ணீரில் நனைத்த பிரஷ்ஷாலும் பெரும்பகுதி கிடைக்கும். ஆனால் சொத்தை பெரும்பாலும் பிரஷ்ஷின் இழை நுழையாத இடத்தில்தான் வருகிறது: கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில், ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் இரண்டு பற்களின் இடுக்கில். அங்கே இழை போகாது, எச்சிலில் கரைந்த ஃப்ளூரைடு போகும். ஃப்ளூரைடு இல்லாமல் வெறுமனே தேய்ப்பது மட்டும் சொத்தையைக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது.

ஃப்ளூரைடு பேஸ்ட்டுக்கோ சான்று குவிந்து கிடக்கிறது. காக்ரேன் என்ற சர்வதேச ஆய்வு அமைப்பு 2003-இல் எழுபதுக்கும் மேற்பட்ட பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தது. குழந்தைகளிலும் பதின்வயதினரிலும் ஃப்ளூரைடு பேஸ்ட் பயன்படுத்தியவர்களுக்குச் சொத்தை சராசரியாக 24 சதவீதம் குறைவாக இருந்தது. ஏற்கெனவே சொத்தை அதிகம் உள்ள பிள்ளைகளிடமும், பெரியவர் பக்கத்தில் நின்று தேய்க்கவைத்த பிள்ளைகளிடமும் பலன் இன்னும் கூடியது. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலேயே ஃப்ளூரைடு பேஸ்ட்டைச் சேர்த்தது.

‘விழுங்கினாலும் பயமில்லை’ என்ற வாசகத்தில் பொய் இல்லை. ஆனால் நாம் பேஸ்ட் வாங்குவது விழுங்குவதற்கு அல்லவே. சொத்தையைத் தடுக்குமா என்ற கேள்விக்கு அந்த டியூபில் பதில் இருக்காது.

வேம்பு, கிராம்பு, உப்பு, கரி என்று வரும் மூலிகைப் பேஸ்ட்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வேப்பங்குச்சியும் ஆலங்குச்சியும் நம் முன்னோர்கள் பயன்படுத்தியவை, படலத்தை நன்றாகவே நீக்கும். அப்போதைய சாப்பாட்டில் பாக்கெட் பிஸ்கட்டும் சாக்லேட்டும் புட்டியில் சர்க்கரை போட்ட பாலும் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கரிப்பொடியைக் குழந்தைக்குத் தவிர்த்துவிடுங்கள். சொரசொரப்பான பொடி மெல்லிய எனாமலைத் தேய்த்துவிடும்.

ஃப்ளூரைடு இல்லாதவற்றில் கொஞ்சம் தனியாகச் சொல்ல வேண்டியது நானோ ஹைட்ராக்சிஅபடைட் சேர்த்த பேஸ்ட். எனாமலில் உள்ள அதே தாதுவை மிக நுண்ணிய துகளாக்கிச் சேர்க்கிறார்கள். ஜப்பானில் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது. சில பரிசோதனைகளில் ஃப்ளூரைடுக்கு இணையாகவும் செயல்பட்டிருக்கிறது. ஆனால் ஃப்ளூரைடுக்குப் பின்னால் இருக்கும் அளவு ஆய்வு இதற்கு இன்னும் சேரவில்லை, விலையும் அதிகம். ஏதோ காரணத்தால் ஃப்ளூரைடு வேண்டாம் என்று மருத்துவரே சொல்லும் குழந்தைக்கு இது நல்ல மாற்று. ஸைலிட்டால் என்ற இனிப்பைச் சேர்த்த பேஸ்ட்களும் உண்டு. அந்த இனிப்பைப் பாக்டீரியாவால் அமிலமாக்க முடியாது, அது நல்லதுதான். ஆனால் ஃப்ளூரைடு செய்யும் வேலையை ஸைலிட்டால் செய்துவிடும் என்று நம்பிவிட முடியாது.

பயம் எங்கிருந்து வந்தது?

ஃப்ளூரைடைப் பற்றி நம்மிடம் உள்ள பயம் வெறும் வதந்தி இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் முன்பல்லில் பழுப்புக் கறையோடு சிரிக்கும் மனிதர்களைப் பார்க்கலாம். அங்குள்ள பாறைகளிலிருந்து ஃப்ளூரைடு கரைந்து நிலத்தடி நீரில் கலக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பல வருடம் குடித்தவர்களுக்குப் பல் கறைபடும். அளவு மிக அதிகமானால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். இதைத்தான் ஃப்ளூரோசிஸ் என்கிறோம். அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில் இந்த எலும்பு நோயைப் பற்றி 1937-இலேயே மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது, இந்தப் பாதிப்பைக் குறைப்பதற்காகவே போட்ட திட்டம். இலங்கையில் அனுராதபுரம் போன்ற உலர்வலயப் பகுதிகளிலும் இதே சிக்கல் உண்டு.

ஃப்ளூரைடு பல்லுக்கு நல்லது என்று கண்டுபிடித்ததே இந்தக் கறையின் வழியாகத்தான். அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு 1901-இல் போன பிரெடெரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், அந்த ஊர்க்காரர்கள் பலருக்கும் பல்லில் பழுப்புக் கறை இருப்பதைப் பார்த்தார். பார்க்க நன்றாக இல்லாத அந்தப் பற்களில் சொத்தை மட்டும் குறைவாக இருந்தது. காரணம் தண்ணீரில் உள்ள ஃப்ளூரைடுதான் என்று 1931-இல் சர்ச்சில் என்ற வேதியியலாளர் கண்டறிந்தார். கறையும் வரக் கூடாது, சொத்தையும் குறைய வேண்டும் என்றால் எவ்வளவு ஃப்ளூரைடு சரி என்பதுதான் அதற்குப் பின் வந்த ஆய்வுகளின் கேள்வி. நம்முடைய கேள்வியும் அதுவே. எனவே கணக்கைப் பார்த்துவிடலாம்.

பேஸ்ட் டியூபில் பிபிஎம் என்று ஓர் எண் இருக்கும். 1000 பிபிஎம் என்றால் ஒரு கிராம் பேஸ்ட்டில் 1 மில்லிகிராம் ஃப்ளூரைடு. பிரஷ்ஷில் ஓர் அரிசி அளவு பேஸ்ட் வைத்தால் அது ஏறத்தாழ 0.1 கிராம். அதில் உள்ள ஃப்ளூரைடு 0.1 மி.கி. காலையும் இரவும் சேர்த்து 0.2 மி.கி. குழந்தை ஒரு துளிகூடத் துப்பாமல் முழுவதையும் விழுங்கினாலும் அவ்வளவுதான்.

இதைத் தண்ணீரோடு ஒப்பிடுங்கள். லிட்டருக்கு 3 மி.கி. ஃப்ளூரைடு உள்ள கிணற்றுத் தண்ணீரை ஒரு குழந்தை நாளுக்கு ஒரு லிட்டர் குடித்தால் 3 மி.கி. முழுவதும் உள்ளே போகிறது. ஒன்றிலிருந்து மூன்று வயது வரையிலான குழந்தைக்கு ஒரு நாளில் எல்லா வழியிலும் சேர்த்து 1.3 மி.கி.க்கு மேல் போகக் கூடாது, நான்கிலிருந்து எட்டு வயது வரை 2.2 மி.கி.க்கு மேல் கூடாது என்று அமெரிக்காவில் உச்ச வரம்பு வகுத்திருக்கிறார்கள். அரிசி அளவு பேஸ்ட் அந்த வரம்புக்குப் பக்கத்திலேயே வராது. அந்தக் கிணற்றுத் தண்ணீர் வரம்பை ஒரேயடியாகத் தாண்டிவிடுகிறது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் பிரஷ்ஷின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அலை அலையாகப் பேஸ்ட்டை நிரப்புவார்கள் அல்லவா? அது ஒரு கிராமுக்குக் குறையாது. அதே மாதிரி வைத்து ஸ்ட்ராபெரி ருசிக்காக மூன்று வயதுப் பிள்ளை விழுங்கினால், இரண்டு வேளைக்கு 2 மி.கி. ஆகிறது, அந்த வயதுக்கான வரம்பைத் தாண்டியாகிவிட்டது. அந்த அலையை நம்பிப் பிள்ளையின் பிரஷ்ஷை நிரப்பிவிடாதீர்கள்.

ஃப்ளூரோசிஸ் எப்போது வருகிறது என்பதையும் தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். ஈறுக்குள் நிலையான பற்கள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் அதிகமாக ஃப்ளூரைடு உள்ளே போனால்தான் பல்லில் கறை வரும். முன்பற்களைப் பொறுத்தவரை முதல் மூன்று வயது முக்கியம். எட்டு வயதுக்கு மேல் புதிதாக வரும் ஆபத்து அநேகமாக இல்லை. பேஸ்ட்டைக் கொஞ்சம் கூடுதலாக விழுங்கியதால் வரும் ஃப்ளூரோசிஸ், பெரும்பாலும் உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் மெல்லிய வெள்ளைக் கோடுகளாகத்தான் இருக்கும். தர்மபுரிக் கறை வேறு.

‘ஃப்ளூரைடு மூளையைப் பாதிக்கும்’ என்ற வாட்ஸாப் செய்தியும் சுற்றுகிறது. அதற்கு அடிப்படை ஒன்று உண்டு. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, லிட்டருக்கு 1.5 மி.கி.க்கு மேல் ஃப்ளூரைடு உள்ள தண்ணீர் போன்ற அதிக அளவுகளுக்கும் குழந்தைகளின் ஐக்யூ சற்றுக் குறைவதற்கும் தொடர்பு தெரிகிறது என்றது. அதைவிடக் குறைந்த அளவில் அப்படி நடக்கிறதா என்று முடிவு சொல்லப் போதிய தரவு இல்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. இது தண்ணீரைப் பற்றிய எச்சரிக்கை, நம்மூரில் மிக முக்கியமான எச்சரிக்கையும்கூட. அரிசி அளவு பேஸ்ட்டைப் பற்றியது இல்லை.

டியூபைத் திருப்பிப் படியுங்கள்

டியூபில் பார்க்க வேண்டியது படத்தையோ நிறத்தையோ அல்ல, பின்னால் உள்ள பொடி எழுத்தை. சோடியம் ஃப்ளூரைடு, சோடியம் மோனோஃப்ளூரோபாஸ்பேட், ஸ்டானஸ் ஃப்ளூரைடு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஃப்ளூரைடு பேஸ்ட். எவ்வளவு பிபிஎம் என்று டியூபிலும் அட்டைப்பெட்டியிலும் போட வேண்டும் என்பது இந்தியாவில் விதி. 1000 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும் விதி. அதனால் இங்கே கிடைக்கும் பெரியவர்களின் பேஸ்ட்டும் அதற்குள்தான். வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் கொண்டுவரும் டியூபில் 1450 என்று இருக்கலாம். அதைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ளுங்கள், சின்னப் பிள்ளைக்கு வேண்டாம்.

காலாவதித் தேதியையும் பாருங்கள். பேஸ்ட்டில் என்ன காலாவதி என்று தோன்றும். ஆனால் சுண்ணாம்புப் பொடி சேர்த்த பேஸ்ட்களில், நாளாக ஆக ஃப்ளூரைடின் ஒரு பகுதி கால்சியத்தோடு பிணைந்துபோய்ப் பல்லுக்குப் பயன்படாமல் கிடக்கும். எண் 1000 என்றே இருக்கும், பலன் அவ்வளவு இருக்காது.

டியூபின் அடியில் உள்ள பச்சை, நீல, கறுப்புக் கட்டத்தை வைத்து இயற்கைப் பேஸ்ட், ரசாயனப் பேஸ்ட் என்று பிரிப்பதை மறந்துவிடுங்கள். டியூபை எங்கே வெட்டி ஒட்ட வேண்டும் என்று தொழிற்சாலை இயந்திரத்துக்குக் காட்டும் அடையாளம் அது.

குழந்தைகளுக்கென்று விற்கும் பேஸ்ட்கள் பலவற்றில் 500 பிபிஎம் அளவுதான் இருக்கும். இங்கே மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஐரோப்பியக் குழந்தைப் பல் மருத்துவர்கள் முதல் பல்லிலிருந்தே 1000 பிபிஎம், ஆனால் அரிசி அளவு என்கிறார்கள். 1000-க்குக் கீழே போனால் சொத்தையைத் தடுக்கும் சான்று வலுவிழக்கிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். நம்மூரில் சிலர், துப்பத் தெரியாத வயதில் 500 போதும் என்பார்கள். என்னைக் கேட்டால், அளவைக் கையில் கட்டுப்படுத்த முடிந்த வீட்டுக்கு 1000 பிபிஎம்மே சரி. பிள்ளை தானாக டியூபை எடுத்துப் பிதுக்கும் வீட்டில், முதலில் டியூபை மேல் அலமாரிக்கு மாற்றுவதுதான் வேலை.

அது வெறும் பேச்சுக்குச் சொல்வது இல்லை. உடல் எடையில் கிலோவுக்கு 5 மி.கி. ஃப்ளூரைடு ஒரே தடவையில் உள்ளே போனால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 60 மி.கி. 1000 பிபிஎம் உள்ள 80 கிராம் டியூபில் இருப்பது 80 மி.கி. அரை டியூப் காலியாகி, பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தால் தாமதிக்காமல் கிளம்புங்கள், டியூபையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். போவதற்குள் பால் கொடுக்கலாம். பாலில் உள்ள கால்சியம் ஃப்ளூரைடைப் பிணைத்துக்கொள்ளும்.

எப்படித் தேய்ப்பது?

முதல் பல் சாதாரணமாக ஆறு மாதத்தை ஒட்டி முளைக்கும். அன்றிலிருந்தே தேய்க்கலாம். மூன்று வயது வரை அரிசி அளவு. மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு, அதாவது ஏறத்தாழ கால் கிராம். பேஸ்ட்டை எப்போதும் பெரியவர்தான் வைக்க வேண்டும். பிரஷ்ஷின் மேல் குவித்து வைக்காமல் இழைகளுக்குள் அழுத்திவிடுங்கள், பிள்ளை முதலிலேயே நக்கி விழுங்காது.

சின்னக் குழந்தைக்கு நின்றுகொண்டு தேய்ப்பது கஷ்டம். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, தலையணை மாதிரி உங்கள் மடியில் குழந்தையின் தலையை வைத்துக்கொள்ளுங்கள். முகம் மேலே பார்த்திருக்கும். ஒரு விரலால் மேல் உதட்டை மெதுவாகத் தூக்கினால் முன்பல்லும் ஈறும் சேரும் இடம் தெளிவாகத் தெரியும். அங்கிருந்து தேய்க்கத் தொடங்குங்கள். முதல் சில நாள் அழும். பாட்டுப் பாடிக்கொண்டே செய்தால் பழகிவிடும். ஏழு, எட்டு வயது வரை பிள்ளை தானாகத் தேய்த்த பிறகு நீங்கள் ஒரு சுற்றுத் தேய்த்துவிடுவது நல்லது. அதுவரை கை அவ்வளவு நேர்த்தியாக வராது.

நம் வீடுகளில் காலையில் தேய்ப்பதைத் தவறவிட மாட்டோம், இரவில் விட்டுவிடுவோம். குழந்தையைப் பொறுத்தவரை இரவுதான் முக்கியம். தூக்கத்தில் எச்சில் மிகக் குறைவாகச் சுரக்கும், பல்லைக் காக்க ஆளே இல்லாத நேரம் அது. இரவு தேய்த்தபின் தண்ணீரைத் தவிர எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. புட்டியில் சர்க்கரை போட்ட பாலோடு தூங்கும் குழந்தையின் மேல் முன்பற்கள் இரண்டு வயதுக்குள் கரைந்துபோவது இப்படித்தான். இனிப்பான இருமல் சிரப் கொடுத்தாலும் தேய்ப்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது, நம் பழக்கத்துக்கே எதிரான ஒன்று. தேய்த்து முடித்ததும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் விட்டு வாயைக் கொப்பளிக்காதீர்கள். அத்தனை ஃப்ளூரைடும் வாஷ்பேசினுக்குப் போய்விடும். துப்பத் தெரிந்த பிள்ளை நுரையைத் துப்பினால் போதும். துப்பத் தெரியாத குழந்தைக்கு ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிட்டால் போதும். வாய் பிசுபிசுப்பாக இருக்கிறது என்று பெரிய பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். ஒரு மடக்குத் தண்ணீரில் ஆரம்பித்து மெல்ல மெல்ல அதையும் நிறுத்தலாம்.

வெள்ளைப் புள்ளி தெரிந்தால்

மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிப் பல்லின் அடியில் சுண்ணாம்பு பூசியது போல் மங்கலான வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் முதல் அடையாளம். தாது கரைந்து போயிருக்கிறது, குழி இன்னும் விழவில்லை. இந்தக் கட்டத்தில் அதைத் திருப்ப முடியும். ஃப்ளூரைடு பேஸ்ட், இரவுப் புட்டியை நிறுத்துவது, மருத்துவர் பூசிவிடும் ஃப்ளூரைடு வார்னிஷ் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அந்த இடம் மறுபடி இறுகும். பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் அப்புறம் பேஸ்ட்டால் ஆகாது.

ஃப்ளூரோசிஸ் வெள்ளை வேறு மாதிரி இருக்கும். இடப்பக்கப் பல்லிலும் வலப்பக்கப் பல்லிலும் ஒரே மாதிரி, ஈறோரத்தில் மட்டும் இல்லாமல் பல்லின் குறுக்கே மெல்லிய கோடுகளாகப் பரவியிருக்கும். ஆறு, ஏழு வயதில் முளைக்கும் நிலையான முன்பற்களில்தான் பெரும்பாலும் கண்ணில் படும்.

‘பால் பல்தானே, விழப்போவதுதானே’ என்று விட்டுவிடக் கூடாது. பால் பற்களின் எனாமல் நிலையான பல்லின் எனாமலில் ஏறத்தாழ பாதித் தடிமன்தான், சொத்தை சீக்கிரம் நரம்பு வரை போய்விடும். கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. அதுவரை மெல்லுவதற்கும், கீழே வளரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதற்கும் அவைதான் வேண்டும். இன்னொன்று, ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமலேயே கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். பல பெற்றோர் அதையும் பால் பல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய பல். பள்ளம் நிறைந்தது, பிரஷ் எட்டுவதற்குக் கஷ்டமான இடம், சொத்தை முதலில் பிடிப்பதும் அதைத்தான்.

ஃப்ளூரைடு இல்லாததே சரியாகும் இடங்கள்

வீட்டில் குடிப்பதும் சமைப்பதும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் என்றால், பேஸ்ட்டைப் பற்றி முடிவெடுக்கும் முன் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் சோதிக்கலாம். இந்தியத் தரநிலைப்படி லிட்டருக்கு 1 மி.கி. வரை சரி, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 மி.கி. வரை பொறுக்கலாம். அதைத் தாண்டினால் முதலில் மாற்ற வேண்டியது தண்ணீரைத்தான். காய்ச்சினால் ஃப்ளூரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. கருவி பெரும்பகுதியை நீக்கிவிடும். அப்படிப்பட்ட ஊரில், தண்ணீரை மாற்றும்வரை, துப்பத் தெரியாத குழந்தைக்கு ஃப்ளூரைடு இல்லாத பேஸ்ட் நியாயமான தேர்வு. மூத்த பிள்ளையின் பல்லில் ஏற்கெனவே ஃப்ளூரோசிஸ் தெரிந்தால் இளையவர்களுக்கும் இதே கவனம் வேண்டும். வாயில் வைத்த எதையும் விழுங்கிவிடும், துப்பவே பழக முடியாத சிறப்புக் குழந்தைகளுக்கு எது சரி என்பதை மருத்துவரே பார்த்துச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு நாளும் ஃப்ளூரைடு இல்லாத பேஸ்ட்டில்தான் தேய்த்துக்கொண்டிருந்தோமே என்று பதற வேண்டாம். கெட்டது எதுவும் உள்ளே போய்விடவில்லை, கிடைத்திருக்க வேண்டிய காப்பு கொஞ்சம் கிடைக்காமல் போயிருக்கிறது. இன்றைக்கு இரவே மாற்றலாம். புதினா காரம் என்று பிள்ளை துப்பினால் அரிசியிலும் பாதி அளவில் ஆரம்பியுங்கள், ஒரு வாரத்தில் நாக்குப் பழகிவிடும். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வலி வந்த பிறகு முதல் தடவையாகப் போகும் பிள்ளை அந்த நாற்காலியைப் பார்த்தாலே அழும். வலி இல்லாத நாளில் போய் வாயைத் திறந்து காட்டிவிட்டு வந்த பிள்ளை அடுத்த தடவை தானாகவே ஏறி உட்காரும்.